மர்ம நாடகத்துக்குக் காசு கொடுத்தது யார்?

ஒரகடம் சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடிந்து கிளம்பும் கம்பெனி பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். மீதிப் பேர் காதில் இயர்போன் இருக்கும். அதில் சிலர் கேட்பது பாட்டு அல்ல, பேய்க் கதை. கிணற்றடியில் கொலுசுச் சத்தம் கேட்கிறது, ஒருவன் மெல்லத் திரும்பிப் பார்க்கிறான்... சரியாக அந்த இடத்தில் ஒரு விளம்பரம் வந்து நிற்கும். எரிச்சல்தான். ஆனால் அந்த விளம்பரம் இல்லையென்றால் அந்தக் கதையே இருந்திருக்காது. வானொலியில் மர்ம நாடகம் வளர்ந்த வரலாறும் ஏறக்குறைய இதேதான்.

1930-இல் இரண்டு ஊர்கள்

சென்னையில் வானொலி 1924-லேயே வந்துவிட்டது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில் தொடங்கிய மெட்ராஸ் பிரெசிடென்சி ரேடியோ கிளப் அந்த ஆண்டு ஒலிபரப்பை ஆரம்பித்தது. பணம் போதாமல் 1927-இல் மூடிவிட்டார்கள். கருவிகள் மாநகராட்சிக்குப் போயின. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பத் தொடங்கியது.

அதே 1930, ஜூலை 31. அமெரிக்காவில் சி.பி.எஸ். வானொலியில் துப்பறியும் கதை நிகழ்ச்சி ஒன்று தொடங்கியது. ஸ்பான்சர் 'ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித்' என்ற பத்திரிகைக் கம்பெனி. தங்கள் துப்பறியும் பத்திரிகையை விற்கத்தான் அவர்கள் நிகழ்ச்சிக்குக் காசு போட்டார்கள். கதையை அறிமுகப்படுத்தும் மர்மக் குரலுக்கு 'தி ஷேடோ', அதாவது 'நிழல்', என்று பெயர் வைத்தார்கள். நடந்ததோ வேறு. கடைக்குப் போன ஜனங்கள் துப்பறியும் பத்திரிகையைக் கேட்கவில்லை, 'அந்த நிழல் பத்திரிகை இருக்கிறதா?' என்று கேட்டார்கள். கம்பெனி விடுமா? 1931-இல் அந்தப் பெயரிலேயே பத்திரிகை போட்டுவிட்டது!

1937-இல் 'நிழல்' தனி நாயகனாகவே வானொலிக்கு வந்தான். குரல் கொடுத்தவர் ஆர்சன் வெல்ஸ். அப்போது ஸ்பான்சர் ஒரு நிலக்கரிக் கம்பெனி. நிலக்கரியில் யாருடையது என்று எப்படித் தெரியும்? அவர்கள் கரிக்கு நீலச் சாயம் பூசி 'புளூ கோல்' என்று விற்றார்கள். அந்த நீலக் கரியை வீட்டுக்கு வீடு ஞாபகப்படுத்த ஒரு துப்பறியும் வீரன் தேவைப்பட்டான்.

மலிவான பயம்

வியாபாரிகளுக்கு மர்ம நாடகம் ஏன் பிடித்தது? முதல் காரணம், செலவு குறைவு. அரண்மனை வேண்டாம், மேக்கப் வேண்டாம். நாலு குரல், ஒரு கதவு, கொஞ்சம் காய்கறி போதும். முட்டைக்கோஸைக் கத்தியால் வெட்டினால் மைக்கில் அது கழுத்து வெட்டுப்படும் சத்தம். மிச்ச வேலையை இருட்டில் உட்கார்ந்து கேட்பவரின் மனசே பார்த்துக்கொள்ளும். இரண்டாவது காரணம், அடுத்த வாரமும் அதே நேரத்துக்கு அவர் வந்து உட்காருவார்.

விலை போகாத நேரத்தைக்கூட இப்படிப் பயன்படுத்தினார்கள். 1934-இல் சிகாகோவில் வில்லிஸ் கூப்பர் தொடங்கிய 'லைட்ஸ் அவுட்' நள்ளிரவில் ஒலித்தது. அந்த நேரத்தை எந்த விளம்பரதாரரும் கேட்டு வரமாட்டார். யார் கோபித்துக்கொள்வார்கள் என்ற கவலை இல்லாததால் கதையும் கொடூரமாகப் போனது. 1941-இல் ஹைமன் பிரவுன் தொடங்கிய 'இன்னர் சாங்க்டம்' நிகழ்ச்சி கிரீச்சிடும் கதவுச் சத்தத்துடன் ஆரம்பிக்கும். பிணம், கல்லறை என்று பேசிவிட்டு நடுவில் லிப்டன் டீயைப் புகழ்வார்கள்!

ஆர்சன் வெல்ஸின் 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' (1938 அக்டோபர் 30) கதை எல்லோருக்கும் தெரியும். செவ்வாய்வாசிகள் வந்துவிட்டார்கள் என்று நம்பி அமெரிக்காவே தெருவுக்கு ஓடியது என்பார்கள். சிலர் பயந்தது உண்மை. ஆனால் அன்றிரவு ஹூப்பர் நிறுவனம் போனில் விசாரித்த 5,000 வீடுகளில் சுமார் 2 சதவீதம்தான் அந்த நாடகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. பீதியைப் பெரிதாக்கியவை பத்திரிகைகள். விளம்பர வருமானத்தில் வானொலி அவர்களுக்குப் போட்டி. அதுவரை ஸ்பான்சர் இல்லாமல் ஓடிய வெல்ஸின் நிகழ்ச்சிக்கு இந்த அமளிக்குப் பிறகு கேம்ப்பெல் சூப் கம்பெனி ஸ்பான்சர் ஆனது.

இங்கே ஏன் வரவில்லை?

இனி நம் பக்கம் வருவோம். 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது. அடுத்த ஆண்டு திருச்சி. இவற்றுக்கு விளம்பரம் கிடையாது. ரேடியோ வைத்திருப்பவர் போஸ்ட் ஆபீஸில் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும், அந்தப் பணமும் அரசாங்கப் பணமும்தான் முதல். அரசாங்கம் காசு கொடுத்தால் அரசாங்கத்துக்குத் தேவையானதுதான் ஒலிக்கும்: கர்நாடக சங்கீதம், செய்தி, விவசாயம், நல்ல கருத்துள்ள நாடகம். வாராவாரம் கொலையும் பேயுமாக ஒரு தொடர் நடத்த அங்கே யாருக்கும் அவசியம் இல்லை.

மர்மக் கதைக்குத் தமிழில் ஆள் இல்லாமல் போகவில்லை. ஜே.ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று பெரிய வரிசையே இருந்தது. பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார். இவர்களுக்குக் காசு கொடுத்தவர் புத்தகம் வாங்கிய வாசகர். மர்மம் அச்சில் வாழ்ந்தது, சினிமாவுக்கும் போனது. 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' பாட்டே இல்லாத கொலைக் கதை. அதில் கொலையாகும் சிவாஜி கணேசன் ஒரு ரேடியோ இன்ஜினியர்! ஆனால் வானொலியில் அப்படி ஒரு தொடர் பேர் வாங்கவில்லை.

1950-இல் இலங்கை வானொலி வர்த்தகச் சேவையைத் தொடங்கியது. இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது இங்குள்ள நேயர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அங்கே விளம்பரப் பணம் இருந்தது, நாடகங்களும் பிரபலமாக இருந்தன. எஸ். ராமதாஸின் 'கோமாளிகளின் கும்மாளம்' 1976-இல் சினிமாவாகவே வந்தது. ஆனால் அது நகைச்சுவை. பணம் மட்டும் இருந்தால் மர்மம் வந்துவிடாது, வேறு எதுவும் அதைவிடச் சுலபமாக விலை போகக் கூடாது என்பதும் முக்கியம்.

நம் ஊரில் அந்தச் சுலபமான சரக்கு சினிமா. விவித் பாரதி 1957 அக்டோபர் 3-இல் தொடங்கியது, 1967-இல் விளம்பரமும் வந்தது. இந்தியில் 'இன்ஸ்பெக்டர் ஈகிள்' என்ற துப்பறியும் தொடரை ஈகிள் பிளாஸ்க் கம்பெனி ஸ்பான்சர் செய்தது. துப்பறிபவருக்கே பிளாஸ்க்கின் பெயர்! நீலக் கரியின் அதே கணக்கு. தமிழிலோ சினிமாப் பாட்டும், படத்தின் வசனத்தை வெட்டி ஒட்டிய ஒலிச்சித்திரமும் தயாராக இருந்தன. சிவாஜி குரல் ரெடிமேடாகக் கிடைக்கும்போது புது நாடகத்துக்கு எழுத்தாளர், நடிகர், ஒத்திகை என்று எந்தக் கம்பெனி செலவு செய்யும்?

கொல்கத்தாவில் என்ன நடந்தது?

தனியார் எஃப்.எம். வந்த பிறகும் தமிழில் பாட்டும் பேச்சுமே முதல் இடம் பிடித்தன. ஆனால் கொல்கத்தாவில் ரேடியோ மிர்ச்சி 2009-இல் 'சண்டே சஸ்பென்ஸ்' தொடங்கியது. சத்யஜித் ராய் எழுதிய கதைகளையும் மற்ற வங்காள மர்மக் கதைகளையும் மீர், தீப் போன்றவர்கள் குரலில் நாடகமாகக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பிறகு யூடியூபிலும் பெரிய கூட்டம் சேர்ந்தது. அச்சில் இருந்த சொத்தை அவர்கள் ஒலியாக மாற்றினார்கள். தமிழிலும் அச்சில் அந்தச் சொத்து இருந்தது. அதை ஒலியாக்கப் பணம் போட ஒரு ஆள்தான் வரவில்லை.

அமெரிக்காவிலும் இது நிலைக்கவில்லை. 1950-களில் விளம்பரதாரர்கள் டிவிக்குப் போனார்கள். 1962 செப்டம்பர் 30-இல் 'சஸ்பென்ஸ்' தொடரின் கடைசி நாடகம் ஒலித்தது. கதை எழுதவோ நடிக்கவோ அங்கே ஆள் குறைந்துவிடவில்லை. காசு இடம் மாறியது, அவ்வளவுதான்.

வீட்டில் தாத்தா காலத்துப் பெட்டியைத் திறந்தால் சில சமயம் பழைய ரேடியோ லைசென்ஸ் புத்தகம் ஒன்று கிடைக்கும். வருஷா வருஷம் ஸ்டாம்ப் ஒட்டி முத்திரை குத்தியிருப்பார்கள். அடுத்த முறை பஸ்ஸில் பேய்க் கதைக்கு நடுவே விளம்பரம் வந்தால் அந்தப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளலாம். சங்கர்லாலைத் தாத்தா ஏன் புத்தகத்தில் மட்டும் தேட வேண்டியிருந்தது என்பதற்குப் பதில் அந்த ஸ்டாம்புகளில் இருக்கிறது.