எந்தப் பச்சாபாளையம்?

லீவில் வந்திருந்த பேரன் கைபேசியை நீட்டி, "தாத்தா, இது புதையல் தேடுற விளையாட்டு" என்றான். ஜியோகேச்சிங் என்று பெயராம். யாரோ ஒருவர் ஒரு சிறு டப்பாவை எங்கேயாவது ஒளித்து வைத்துவிட்டு, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் இணையத்தில் போட்டுவிடுவார். மற்றவர்கள் போய்த் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு வரவேண்டும். அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே கலந்து வந்த பிழையை 2000 மே மாதம் நீக்கியது. அடுத்த நாளே ஆரெகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைப் புதைத்து வைத்தார். அப்படித்தான் ஆரம்பம்.

எனக்குப் பிடித்தது டப்பா அல்ல, அதைத் தேடும் முறை. ஓர் இடத்தின் புள்ளியைக் கொடுத்து, அதைச் சுற்றி இத்தனை கிலோமீட்டருக்குள் என்று முதலில் சுருக்கலாம். அப்புறம் தேடுவது எவ்வளவு கடினம், நிலம் எவ்வளவு கடினம் என்று ஒன்று முதல் ஐந்து வரை. சக்கர நாற்காலி போகுமா, குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா, இரவில் போகலாமா என்று குணங்களாகவும் வடிகட்டலாம். ஆயுசு முழுக்கப் பதிவேடு புரட்டியவனுக்கு இது புரியாமல் இருக்குமா? நன்செய்யா புன்செய்யா, கிணறு உண்டா என்று கலம் கலமாகப் பார்த்துத் தள்ளியதைத்தான் இந்தப் பெட்டி செய்கிறது.

நானும் ஒன்றைத் தேடிக்கொண்டுதான் இருந்தேன். டப்பா அல்ல, ஒரு புள்ளி.

1802இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து பெரிய முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், 1806இல் நம் கோயமுத்தூர் ஜில்லாவிலும் ஓர் அடிக்கோடு அளந்தார். பூமியின் உருவம் என்ன என்று கண்டுபிடிக்க, தெற்கு வடக்காக நேராக ஒரு வில் அளப்பது அவர் நோக்கம். கன்னியாகுமரிப் பக்கம் புன்னை, அதன் வடக்கே "புட்சாபொல்லியம்", அப்புறம் பெங்களூரில் தொட்டகுண்டா என்று நட்சத்திரங்களைப் பார்த்து அட்சரேகை கணித்த நிலையங்கள். இந்தப் புட்சாபொல்லியம் நம் பச்சாபாளையம்தான். வெள்ளைக்காரர் காதில் விழுந்த மாதிரி எழுதியிருக்கிறார்கள். அட்சரேகை 10 டிகிரி, 59 நிமிடம், 48.93 விநாடி. விநாடியில் நூற்றில் ஒரு பங்கு என்றால் தரையில் ஏறக்குறைய ஓர் அடி. மாட்டுவண்டி காலத்தில்!

அவருடைய தியோடலைட் கருவி அரை டன் எடை. இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டு போனார்கள். என்ன கருவி என்று தெரிந்ததும் மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பி வைத்துவிட்டார்கள். நான் பிரெஞ்சில் படித்தவன். டன்கர்க்கிலிருந்து பார்சிலோனா வரை டெலாம்ப்ரும் மெஷெனும் வில் அளந்து மீட்டரை வரையறுத்ததை வாத்தியார் சொல்லிக் கேட்டவன். அதே வேலையைச் செய்யப் போகிறவனின் கருவியை எதிரியென்றாலும் வைத்துக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கருவி பின்னால் 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கோபுரத்தில் மோதி வளைந்துபோக, லாம்டன் ஆறு வாரம் போல உட்கார்ந்து தானே சரிசெய்தது தனிக் கதை.

சரி, பச்சாபாளையம். கொங்கு நாட்டில் பாளையங்களுக்கா பஞ்சம்? பேரூர் தாண்டி சிறுவாணி ரோட்டில் ஒன்று, சூலூர்ப் பக்கம் ஒன்று. அட்சரேகை பொருந்துகிற மாதிரி இருக்கிறதே என்று சூலூர்ப் பக்கம் போனேன். பேரன் சொல்லித் தந்தபடி எண்களை நானே கைபேசியில் போட்டேன். அதிலும் ஒரு கோளாறு. ஜியோகேச்சிங்காரர்கள் விநாடியை எழுதுவதில்லை, நிமிடத்தைத் தசமமாக எழுதுவார்கள். நான் 48.93 விநாடியை அப்படியே புள்ளிக்குப் பின்னால் போட்டு 59.4893 என்று அடித்துவிட்டேன். 59.816 என்று இருக்கவேண்டும். அறுநூறு மீட்டர் தெற்கே, ஒருவருடைய தென்னந்தோப்புக்குள் நின்றேன்.

"ஏனுங்க, எடம் கிடம் பாக்க வந்தீங்களா?" என்று தோட்டத்துப் பெரியவர் கேட்டார். இருநூறு வருஷத்துக்கு முந்திய அளவைப் புள்ளியைத் தேடுகிறேன் என்றேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்துவிட்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பேரனிடம் சொன்னேன். "தாத்தா, ஒரு ரேகையை வச்சு எப்படித் தேடுவீங்க? அது கோடுதானே, புள்ளி இல்லையே" என்றான். சுருக்கென்றது. லாம்டனின் வில் தெற்கு வடக்கு. தொட்டகுண்டா ஏறக்குறைய 77 டிகிரி 37 நிமிடத் தீர்க்கரேகையில் இருக்கிறது. புட்சாபொல்லியமும் அதன் பக்கத்தில்தான் இருந்தாக வேண்டும். சூலூர் 77 டிகிரி 8 நிமிடம்தான். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் மேற்கே! பேரூர் இன்னும் தள்ளி. 11 டிகிரியை ஒட்டி, 77 டிகிரி 37 நிமிடத்துக்குப் பக்கத்தில் எது என்று வரைபடத்தில் விரலை ஓட்டினால் காங்கேயம் வருகிறது. 1806இல் அதுவும் கோயமுத்தூர் ஜில்லாதானே. "கோயமுத்தூர்" என்று படித்ததும் நான் டவுனைச் சுற்றியே தேடியதுதான் தப்பு.

அந்தப் பட்டைக்குள்ளும் நேராகப் போய் நிற்க முடியாது. அன்று கணக்குக்கு எடுத்த பூமியின் உருவம் வேறு, இன்று ஜிபிஎஸ் எடுத்துக்கொள்வது வேறு. இரண்டுக்கும் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். சுற்றுவட்டம் அரைக் கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, கல்லோ மேடோ தெரிகிறதா என்று கண்ணால்தான் பார்க்கவேண்டும்.

பொங்கல் லீவுக்குப் பேரன் மறுபடி வருகிறான். காங்கேயம் போகிறோம். என் முழங்காலுக்கு நிலக் கடினம் இரண்டுக்கு மேல் ஆகாது என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.