ஜீப்பின் நடுக்கமும் ஹூக்கின் மூட்டும்

சுருள்வில்லில் எடைகளைத் தொங்கவிட்டு, எடை கூடக் கூட நீட்சியும் கூடுவதை அளந்து பார்க்காத இயற்பியல் மாணவர் எவரும் இரார். அவ்விதியைக் கூறியவர் இராபர்ட் ஹூக் (1635–1703) என்பதையும் நாம் அறிவோம். ஆனால் அதே ஹூக் ஆராய்ந்து சொன்ன மற்றொரு பொருள், லாரியிலும் ஜீப்பிலும் நம் காலடியில் ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கிறது என்பதைப் பலர் அறியார். அதுதான் யூனிவர்சல் ஜாயிண்ட். ஹூக் மூட்டு என்றும் அதைக் கூறுவர்.

அதன் வரலாற்றைத் தேடிப் படிக்கும்படி என்னைச் செய்தது ஒரு பழைய ஜீப். மலையூர் ஒன்றில் வாழும் என் நண்பர், நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஜீப் ஒன்றை வைத்து, மிளகையும் காய்கறிகளையும் கீழே சந்தைக்கு இறக்கிப் பிழைத்து வருகிறார். சென்ற ஆண்டு அந்த வண்டிக்கு ஒரு நோய் வந்தது. வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரை எட்டியதும் வண்டியின் தளம் முழுவதும் நடுங்கும். டயர்களை மாற்றினார். என்ஜினைத் தாங்கும் ரப்பர்களை மாற்றினார். நடுக்கம் போகவில்லை. “விற்றுவிடலாமா?” என்று என்னைக் கேட்டார். வண்டி போனால் பிழைப்பும் போகும். அவருக்கு வேண்டிய விடை ஏறக்குறைய 340 ஆண்டுகளுக்கு முன்பே கண்டறியப்பட்டுவிட்டது என்பது அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

வளைந்து நின்று சுழல்வது எப்படி?

ஜீப்பின் என்ஜினும் கியர்ப் பெட்டியும் சட்டத்தோடு பிணைக்கப்பட்டவை. பின் அச்சோ பட்டைவில்களின் மீது அமர்ந்து, மேடு பள்ளத்துக்கு ஏற்ப மேலும் கீழும் ஆடுவது. இவ்விரண்டையும் இணைக்கும் தண்டு, கோணம் மாறிக்கொண்டே இருக்கும்போதும் சுழற்சியைக் கடத்த வேண்டும். அதற்காகவே தண்டின் இரு முனைகளிலும் மூட்டுகள் உள்ளன.

மூட்டின் அமைப்பு எளிமையானது. சேர வேண்டிய இரு தண்டுகளின் முனையிலும் உண்டிவில்லின் கவட்டை போன்ற ஒரு கவட்டை உண்டு. கூட்டல் குறி வடிவான ஓர் எஃகுத் துண்டு, தன் இரு கைகளை ஒரு கவட்டையிலும் மற்ற இரு கைகளை அடுத்த கவட்டையிலும் செருகி நிற்கிறது. பட்டறைகளில் ‘கிராஸ்’ எனப்படுவது இதுவே.

ஒன்றினுள் ஒன்றாக வளையங்களை மாட்டி, கப்பல் எப்படி ஆடினாலும் திசைகாட்டி சாயாதவாறு தொங்கவிடும் முறை பழமையானது. இத்தகைய அமைப்பைப் பற்றி எழுதிய இத்தாலிய அறிஞர் ஜிரோலாமோ கார்டானோவின் (1501–1576) பெயரால், ஐரோப்பாவின் பல நாடுகளில் இம்மூட்டு இன்றும் ‘கார்டன் மூட்டு’ எனப்படுகிறது. 1664-இல் காஸ்பர் ஷாட் என்ற ஜெர்மானியப் பாதிரியார் தம் நூலில் சுழற்சியைக் கடத்தும் மூட்டை விவரித்தார். ஒரு தண்டு எந்த வேகத்தில் சுற்றுகிறதோ அதே வேகத்தில் மற்றதும் சுற்றும் என்று அவர் கருதினார்.

கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். இந்தப் பக்கம் ஒரு சுற்று முடிந்தால் அந்தப் பக்கமும் ஒரு சுற்று முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த ஒரு சுற்றுக்குள் நடப்பது என்ன? அதைக் கவனித்தவர் ஹூக்.

சூரியக் கடிகாரம் காட்டிய வழி

1662 முதல் இலண்டன் ராயல் சங்கத்தில் சோதனைகளை நடத்திக் காட்டும் பொறுப்பில் இருந்த ஹூக், வானியல் கருவிகளில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர். 1676-இல் வெளியான ‘ஹீலியோஸ்கோப்ஸ்’ என்ற தம் நூலில் இந்த மூட்டுக்கு ‘யூனிவர்சல் ஜாயிண்ட்’ என்ற பெயரை அவர் வழங்கினார். அது சீராகச் சுழல்வதில்லை என்பதையும் கண்டறிந்தார். அவர் அதைக் குறையாகக் கொள்ளவில்லை என்பதுதான் வியப்பு. சூரியக் கடிகாரத்துக்கு அது பயன்படும் என்று கண்டார்!

சூரியன் வானில் மணிக்கு 15 பாகை வீதம் சீராக நகர்வதாகத் தோன்றுகிறது. ஆனால் தரையில் படுக்கையாக வைத்த சூரியக் கடிகாரத்தில் நிழல் சீராக நகர்வதில்லை. இலண்டன் நகரில் நண்பகல் 12 மணிக்கும் 1 மணிக்கும் இடையே நிழல் ஏறக்குறைய 12 பாகையே நகரும். மாலை 5 மணிக்கும் 6 மணிக்கும் இடையிலோ ஏறக்குறைய 19 பாகை நகரும்.

இப்போது ஒரு மூட்டை எடுத்து, ஒரு தண்டைப் பூமியின் அச்சுக்கு இணையாகவும் மற்றதைச் செங்குத்தாகவும் நிறுத்துங்கள். முதல் தண்டைச் சூரியனைப் போலச் சீராகச் சுழற்றினால், இரண்டாவது தண்டு அந்த நிழலைப் போலவே சில இடங்களில் தயங்கியும் சில இடங்களில் விரைந்தும் சுழலும். இரண்டுக்கும் கணிதம் ஒன்றே.

தயக்கமும் விரைவும் எவ்வளவு?

மாணவர்கள் இதை எளிதில் கணக்கிடலாம். சீராகச் சுழலும் தண்டின் வேகத்தை, இரு தண்டுகளுக்கும் இடையிலுள்ள கோணத்தின் கோசைனால் பெருக்கினால் மற்றத் தண்டின் மிகக் குறைந்த வேகம் கிடைக்கும். அதே கோசைனால் வகுத்தால் மிக உயர்ந்த வேகம் கிடைக்கும்.

முதல் தண்டு நிமிடத்துக்கு 1000 சுற்று என்ற வேகத்தில் சுழல்வதாகக் கொள்வோம். கோணம் 5 பாகையானால் இரண்டாவது தண்டின் வேகம் 996-க்கும் 1004-க்கும் இடையே ஊசலாடும். 10 பாகையில் 985-க்கும் 1015-க்கும் இடையே ஊசலாடும். 20 பாகையில் 940-க்கும் 1064-க்கும் இடையே. 30 பாகையில் 866-க்கும் 1155-க்கும் இடையே. இந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை நிகழ்கிறது. இந்த ‘இரண்டு’ என்ற எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும். மேலும், தண்டின் வேகம் இரட்டித்தால் இதனால் விளையும் முறுக்குதல் நான்கு மடங்காகும். குறைந்த வேகத்தில் அடங்கிக் கிடக்கும் நடுக்கம், வண்டி விரைந்தவுடன் தலைகாட்டுவது இதனாலேயே.

நோயைக் கண்ட ஹூக்கே 1683-இல் மருந்தையும் சொன்னார். இரண்டு மூட்டுகளை நடுவில் ஒரு தண்டால் இணைத்துவிட்டால், முதல் மூட்டு உண்டாக்கும் தயக்கத்தை இரண்டாவது மூட்டு சரிசெய்துவிடும். ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. இரு மூட்டுகளின் கோணங்களும் சமமாக இருக்க வேண்டும். நடுத்தண்டின் இரு முனைகளிலும் உள்ள கவட்டைகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். கவட்டைகளுள் ஒன்று 90 பாகை திரும்பிவிட்டால், ஏற்ற இறக்கம் நீங்காது, ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும்.

ஏட்டிலிருந்து சாலைக்கு

முதல் மோட்டார் வண்டிகள் பலவற்றில் என்ஜினின் விசை, சைக்கிளில் உள்ளதுபோன்ற சங்கிலி மூலமே சக்கரத்துக்குச் சென்றது. சங்கிலி புழுதியில் தேயும், அறுந்தும் போகும். 1898-இல் பிரான்சில் லூயி ரெனோ தம் சிறு வண்டியில் சங்கிலியை நீக்கித் தண்டைப் பொருத்தினார். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக மாணவராயிருந்த கிளாரன்ஸ் ஸ்பைசர், எண்ணெய் உள்ளே தங்கித் தூசி நுழையாதவாறு உறையிட்ட மூட்டுக்கு 1903-இல் காப்புரிமை பெற்று, 1904-இல் அதைத் தயாரிக்கத் தொடங்கினார். அது முதல் ஹூக்கின் மூட்டு சாலைக்கு வந்தது எனலாம்.

முன்சக்கரங்களுக்கும் விசை செலுத்த முற்பட்டபோது புதிய இடர் தோன்றியது. முன்சக்கரம் வளைவுகளில் பெருங்கோணத்துக்குத் திரும்பக் கூடியது. 30 பாகையில் 866-க்கும் 1155-க்கும் இடையே ஊசலாடும் சக்கரம் சாலையைப் பற்றி எப்படி ஓடும்? ஸ்டியரிங் கையில் உதறும். எனவே எந்தக் கோணத்திலும் சமவேகம் தரும் மூட்டு தேவைப்பட்டது. பிரான்சில் ழான் அல்பேர் கிரேகுவாரும் பியேர் ஃபெனாயும் 1926-இல் ‘டிராக்டா’ மூட்டை உருவாக்கினர். அமெரிக்கப் பொறியாளர் ஆல்பிரட் ரெஸ்ப்பா, எஃகுக் குண்டுகளால் இயங்கும் மூட்டுக்கு 1927-இல் காப்புரிமை கோரினார். இரு தண்டுகளுக்கும் இடையிலுள்ள கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே குண்டுகள் எப்போதும் நிற்பதால், தயக்கமும் இல்லை, விரைவும் இல்லை.

இரண்டாம் உலகப் போரில் இவை அனைத்தும் ஒரே வண்டியில் சேர்ந்தன. 1940-இல் அமெரிக்க இராணுவம் கேட்டு உருவாக்கிய ஜீப், 1945-க்குள் ஆறு லட்சத்துக்கு மேல் தயாரிக்கப்பட்டது. அதன் முன்னச்சின் முனைகளில் டிராக்டா, ரெஸ்ப்பா, பெண்டிக்ஸ்-வைஸ் போன்ற சமவேக மூட்டுகளுள் ஏதேனும் ஒன்று இருந்தது. முன்னும் பின்னும் செல்லும் இரு நீண்ட தண்டுகளிலோ ஹூக்கின் பழைய இரட்டை மூட்டே இருந்தது. 1940-களின் இறுதியில் பம்பாயில் ஜீப்புகள் பூட்டப்படத் தொடங்கின. பின்னர் பல பத்தாண்டுகள் இந்தியாவிலேயே தயாராகி, நம் மலைச்சாலைகளிலும் ஏறின. என் நண்பரின் வண்டி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

எண்ணிப் பார்த்தால் தெரியும்

இனி அந்த நோயாளியிடம் செல்வோம். நடுக்கத்தின் காரணத்தை அறியக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: வினாடிக்கு எத்தனை முறை?

முதலில் டயரின் சுற்றளவை அளந்தோம், 2.2 மீட்டர் இருந்தது. 40 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் வினாடிக்கு 5 முறை சுற்றும். பிறகு சமதரையில் வண்டியை நேராகத் தள்ளி, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது தண்டு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று சாக்பீஸ் கோடிட்டு எண்ணினோம். ஐந்தேகாலுக்குச் சற்று மேல். இவ்வகை ஜீப்பின் பின்னச்சுப் பல்சக்கர விகிதமான 5.38-உடன் இது பொருந்துகிறது. ஆகவே தண்டு வினாடிக்கு 27 முறை சுற்றும்.

இனி முடிவு எளிது. நடுக்கம் வினாடிக்கு 5 முறையானால் டயரையோ சக்கரத்தையோ பார்க்க வேண்டும். 27 முறையானால் தண்டு வளைந்திருக்கலாம். ஒரு பக்கம் எடை கூடியிருக்கலாம். இரு மடங்காகிய 54 முறையானால் மூட்டுகளின் கோணத்தையோ கவட்டைகளின் நிலையையோ ஐயுற வேண்டும். என்ஜினுக்கு வேறு சோதனை உண்டு. அதே சாலை வேகத்தில் கியரை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். நடுக்கம் மாறாவிட்டால் குற்றம் என்ஜினில் இல்லை.

கியரை மாற்றினோம், நடுக்கம் மாறவில்லை. இன்றைய கைபேசிகளில் முடுக்கத்தை அளக்கும் நுண்கருவி உண்டு. அதை இருக்கைக்கு அடியில் தளத்தில் வைத்து, நண்பர் வண்டியை ஓட்ட, அதிர்வைப் பதிவு செய்தேன். வரைபடத்தில் உயர்ந்து நின்ற முகடு 54-இல் இருந்தது!

இரு தண்டுகளில் எது? அந்த ஜீப்பில் முன்சக்கர விசையைத் துண்டித்தாலும் முன் தண்டு சும்மா இராது. உருளும் முன்சக்கரங்களே அதைச் சுழற்றும். எனவே சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, என்ஜினை நிறுத்தி, முன் தண்டையே கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தோம். நடுக்கம் இருந்தது. குற்றம் பின் தண்டில் என்பது உறுதியாயிற்று.

அப்போதுதான், முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: “இது எப்போது தொடங்கியது?” பின் தண்டைக் கழற்றிக் கிராஸ் மாற்றிய வாரத்திலிருந்து என்றார் நண்பர். நடுத்தண்டு ஒரே துண்டன்று. நீளம் கூடிக் குறைய வசதியாக, பற்கள் வெட்டிய இரு பகுதிகள் ஒன்றினுள் ஒன்று வழுக்கிச் செல்லும். அவற்றைப் பிரித்து மீண்டும் செருகுகையில் எந்தப் பல்லிலும் செருகலாம். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஒரு கவட்டை நிமிர்ந்தும் மற்றது படுக்கையாகவும் இருந்தன. கிரீஸைத் துடைத்தபோது இரு பகுதிகளிலும் சிறு அம்புக்குறிகள் தெரிந்தன. அவை ஒன்றையொன்று நோக்கி நிற்க வேண்டியவை!

அவ்வூரின் மூத்த மெக்கானிக் ஒருவர் தண்டை உருவி, அம்புகளை நேராக்கிச் செருகித் தந்தார். புதிய உறுப்பு எதுவும் தேவைப்படவில்லை. வண்டி 40-ஐயும் 50-ஐயும் அமைதியாகக் கடந்தது. அவர் கையைத் துடைத்தபடி சொன்னார்: “அம்பு பாத்துத்தான் போடணும்னு எங்க மேஸ்திரி அடிச்சுச் சொல்லுவாரு சார். ஏன்னு சொன்னதில்ல. நானும் பசங்களுக்கு ஏன்னு சொன்னதில்ல.”

நான் ஒரு தாளில் கவட்டைகளை வரைந்து, ஹூக் கண்ட காரணத்தைச் சொன்னேன். பட்டறைப் பையன்களும் சூழ்ந்து நின்று கேட்டனர். காரணம் சொல்லப்படாத விதி ஒரு தலைமுறையில் மறந்துபோகலாம். காரணத்தை அறிந்தவரோ அம்புக்குறி அழிந்துபோன தண்டையும் சரியாகச் செருகிவிடுவார்.