குறிஞ்சிப்பாடியிலிருந்து ஜித்தா: குறைந்த நாள்கள், குறையாத தூரம்

சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர். நேரடி விமானம் ஆறு மணி நேரத்தை ஒட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. நம் பாட்டனார் காலத்துக் கணக்கோ நாள்களில் இருந்தது.

குறிஞ்சிப்பாடி வட்டாரத்தார் ஹஜ்ஜுக்கு நிய்யத் வைத்தால் முதலில் ரயிலேறிச் சென்னை, அங்கிருந்து பம்பாய். பின்னர் முகல் லைன் கப்பல். பம்பாயிலிருந்து ஜித்தா சுமார் 2,300 கடல் மைல். வழியில் ஏதும் தடையில்லாவிட்டாலும் ஒரு வாரத்திற்கு மேல் கடலில்தான். 1882 முதல் பல பத்தாண்டுகள், செங்கடலின் கமரான் தீவில் ஹாஜிகளை இறக்கி, நோய்த் தடுப்புக்காகத் தங்கவைக்கும் வழக்கமும் இருந்தது. அந்த நாள்களும் பயணத்தோடு சேரும். கடன்களைத் தீர்த்து, வஸிய்யத்து எழுதி, ஊராரிடம் பிழை பொறுக்கக் கேட்டுப் புறப்பட்டது வெறும் சம்பிரதாயம் அன்று. திரும்பி வருவோம் என்ற உறுதி எவருக்கும் இருக்கவில்லை. இந்திய ஹாஜிகளின் கப்பல் பயணம் 1995இல் நின்றது.

வேகம் கூடியதால் இபாதத்தின் ஒழுங்கிலும் ஒரு மாற்றம் நேர்ந்தது. கப்பலில் சென்றவர்களுக்கு மீகாத் யலம்லம். அதன் நேர்க்கோட்டைக் கப்பல் நெருங்கும்போது அறிவிப்பார்கள்; குளித்து இஹ்ராம் உடுத்தி, நிதானமாகத் தல்பியா முழங்க அவகாசம் உண்டு. விமானமோ பெரும்பாலும் கர்னுல் மனாஸிலின் திசையில் எல்லையைக் கடக்கிறது. சில நிமிடங்களில் மீகாத் பின்னால் போய்விடும். ஆகவேதான் வீட்டிலோ விமான நிலையத்திலோ இஹ்ராம் உடையை அணிந்துகொண்டு, மீகாத்துக்குச் சற்று முன் நிய்யத் செய்யும்படி உலமாக்கள் அறிவுறுத்துகிறார்கள். ஜித்தாவில் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்பது பெரும்பான்மை உலமாக்கள் ஏற்காத கருத்து.

கஸ்ர் தொழுகையின் நிலை வேறு. ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா, ஹனஃபி மத்ஹபில் மூன்று நாள் நடை என்று முன்னோர் தூரத்தை நாள்களால் அளந்தார்கள். இன்று அது ஏறத்தாழ 80 கிலோமீட்டர் எனக் கணக்கிடப்படுகிறது. அத்தூரத்தை விமானம் ஆறேழு நிமிடங்களில் கடந்தாலும் பயணி பயணிதான். இக்கணக்கின்படி கடலூர் வரை செல்பவருக்குக் கஸ்ர் இல்லை. சென்னைக்குப் புறப்பட்டவருக்கு உண்டு.

வானத்துத் தூரம் மட்டுமே பயணமாகிவிடாது என்பதை 2022ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு தமிழக ஹாஜிகள் சென்னையிலிருந்து அன்றி, கொச்சியிலிருந்து புறப்பட வேண்டியிருந்தது. வரைபடத்தில் கொச்சி ஜித்தாவுக்கு முந்நூறு கிலோமீட்டர் அளவுக்கு அருகில்தான். எனினும் குறிஞ்சிப்பாடியிலிருந்து சென்னைக்கு ஆகும் தொலைவைப் போல் இரு மடங்குக்கும் மேல் தரையில் கடக்க வேண்டும். வயது முதிர்ந்தவர்களுக்கும், வழியனுப்பக் குடும்பத்தோடு கிளம்பியவர்களுக்கும் விமானத்தில் மிச்சமான அரை மணி நேரத்தால் என்ன பயன்? 2023இல் சென்னை மீண்டும் புறப்பாட்டுத் தலமாயிற்று, அல்ஹம்துலில்லாஹ்.