கொண்டச்சிக் கரையில் பெயர் எழுதா மீஸான்கள்

மன்னார்த் தீவை விட்டுப் பெருநிலத்துக்கு வந்து, கரையோரமாகத் தெற்கு நோக்கி அருவியாற்றைக் கடந்து செல்வோர் முதலில் அரிப்பையும், அப்பாற் சிலாவத்துறையையும், அதனை அடுத்துக் கொண்டச்சியையும் காண்பர். முசலிப் பகுதியைச் சேர்ந்த இவ்வூர்களிற் குடிநீர் அரிது. மணலும் முள்மரமுமே மிகுதி. ஆயினும் ஒரு காலத்தில் இலண்டனிலும் பம்பாயிலும் கொண்டச்சிக் குடாவின் பெயரை அறியாத வணிகர் இல்லை. முத்துக்குளிப்பைச் சலாபம் என்று வழங்குவது பண்டைய வழக்கு. சிலாவத்துறை என்ற பெயரே சலாபத்துறை என்பதன் திரிபாகும். கரையின் வரலாற்றை எழுதியவர் பலர், சலாபத்தையே வரலாறாகக் கொண்டு, அதன் பின்னே நின்ற மனிதரை மறந்துவிட்டனர். அம்மனிதரைத் தேட விரும்புவோர் மையவாடிக்கும் சேமக்காலைக்கும் செல்லல் வேண்டும்.

நம் நாட்டிற் கல்லறை எழுத்துக்களை ஆராயும் முயற்சி புதியதன்று. லூடோவிசி என்பார் 1877இல் ஒல்லாந்தர் காலத்துக் கல்லறைச் சாசனங்களைத் தொகுத்து நூலாக்கினார். குடிமைச் சேவையிற் பணியாற்றிய ஜே. பி. லூயிஸ் 1913இல் இலங்கையிலுள்ள ஐரோப்பியர் கல்லறை எழுத்துக்களைத் திரட்டிப் பெருந்தொகுதி ஒன்று வெளியிட்டார். இன்று ஒல்லாந்திலோ இங்கிலாந்திலோ வாழும் ஒருவர், தம் குடும்பத்தவர் ஒருவர் இருநூறு ஆண்டுகளின்முன் இத்தீவில் இறந்தார் எனக் கேள்விப்பட்டால், இந்நூல்களைப் புரட்டி, மன்னார்க் கோட்டைக் கோவிலிலோ யாழ்ப்பாணத்திலோ அவர் அடக்கமான இடத்தைக் கண்டுவிடக் கூடும். கொண்டச்சியிற் பிறந்த சிறுவன் ஒருவன் தன் பூட்டனைத் தேடப் புகுந்தால் அவனுக்கு உதவ அத்தகைய நூல் ஒன்றேனும் இல்லை. பூட்டன் கிடக்கும் மண்ணில் ஒரு முருகைக்கல் நடப்பட்டிருக்கும். அதில் எழுத்து இராது.

எழுத்து இல்லாமையை அறியாமை என்று கொள்வது பிழை. கபுறு எளிமையாக இருத்தல் வேண்டும், அதன்மீது கட்டடம் எழுப்பலாகாது என்பது இஸ்லாமிய நெறி. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீஸான் நட்டு, மண்ணை மேடாக்கி, அத்துடன் விடுவர். கற்றோரும் செல்வரும் கூட அவ்வாறே அடங்கினர். எழுத்துப் பொறித்த மீஸான்கள் இல்லாமலும் இல்லை. மன்னாரை அடுத்த புளியந்தீவிற் பழைய அரபு எழுத்துக் கொண்ட கல் ஒன்று கிடைத்திருக்கின்றது. கொழும்பிலே காலித் இப்னு அபீ பகாயா என்பாரின் கபுறுக்கல், ஹிஜ்ரி 337, அதாவது கி.பி. 948 அல்லது 949, என்ற ஆண்டைத் தாங்கி நின்றது. ஒல்லாந்தர் ஆட்சியின் இறுதிக் காலத்தில் அதிகாரி ஒருவர் அதனைப் பெயர்த்துச் சென்று தம் வீட்டுப் படிக்கல்லாக்கிக் கொண்டார். பின்னர்ப் பிரதம நீதியரசராயிருந்த சர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்டன் அதன் எழுத்தைப் படியெடுப்பித்தமையால், 1827இல் அச்சேறி உலகறிய வந்தது. எழுத்துள்ள கல்லுக்கே இக்கதியாயின், எழுத்தில்லாக் கல்லைக் காப்பது எத்துணைக் கடினம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

சலாப காலத்தை இங்கே சற்று விரித்துக் கூறல் வேண்டும். ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் 1796இல் இக்கரையைக் கைப்பற்றிய பின்னர், கொண்டச்சிக் குடாவில் அடுத்தடுத்துப் பெரிய சலாபங்கள் நிகழ்ந்தன. 1803இல் நூல் வெளியிட்ட பெர்சிவலும், 1807இல் வெளியிட்ட பாதிரியார் கோடினரும் அக்காட்சியை விவரித்துள்ளனர். சில குடிசைகளே இருந்த மணற்கரை, ஆண்டில் ஓரிரு மாதங்களுக்கு மட்டும் பல்லாயிரம் மக்கள் நெருங்கும் நகராயிற்று. குடிநீரை அரிப்பிலிருந்து சுமந்தனர். தேசாதிபதி பிரெடரிக் நோர்த், சலாபத்தைப் பார்வையிடத் தங்குவதற்கென அரிப்புக் கரையிலே கிரேக்கப் பாணியில் மாளிகை ஒன்றைக் கட்டுவித்தார். 1801க்கும் 1804க்கும் இடையில் எழுந்த அம்மாளிகை செங்கல்லாலானது. அதற்குப் பூசிய சுண்ணம் சிப்பி ஓட்டிற் சுட்டெடுத்தது. கடல் கரையை அரிக்க அரிக்க அது இன்று இடிந்து சரிந்து கிடக்கின்றது.

குளிக்க வந்தோர் யாவர்? தூத்துக்குடியிலிருந்து பரதவர் வந்தனர், கீழக்கரையிலிருந்து முஸ்லிம் குளியாளிகள் வந்தனர், யாழ்ப்பாணத்தார் வந்தனர், பிற்காலத்தே பாரசீக வளைகுடாவிலிருந்து அரபியரும் வந்தனர். வந்தோர் எல்லாரும் திரும்பவில்லை. மூச்சடைத்து இறந்தோர் உண்டு. அழுகிய சிப்பியும் நெருக்கமான வாடிகளும் தீய நீரும் கூடியவிடத்துப் பேதி நோய் எழுந்தது. அதனாற் சலாபத்தை இடையிற் கலைக்க நேர்ந்த ஆண்டுகளும் உண்டு. இறந்தோரை அக்கரையிலேயே அடக்கினர்.

1905ஆம் ஆண்டுச் சலாபத்தை எடுத்துக்கொள்வோம். கொண்டச்சிக்குத் தெற்கேயுள்ள மரிச்சுக்கட்டியிற் பாளயம் அமைந்தது. எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா வருமானம் வந்தது. தோணிகள் கரை சேர்ந்ததும் சிப்பிகளைக் கொட்டு எனப்படும் வேலியடைப்புக்குட் கொண்டுசென்று மூன்று கூறாக்குவர். இரண்டு கூறு அரசுக்கு, ஒரு கூறு குளித்தோர்க்கு. ஒரு சிப்பியும் கணக்குத் தவறாதபடி எழுதினர். அதே மணலில் அடக்கப்பட்ட குளியாளியின் பெயரை ஒரு கல்லிலேனும் எழுதினாரில்லை. இதனை நான் குற்றச்சாட்டாகக் கூறவில்லை. வருமானத்தின் பொருட்டு எழுதப்படும் ஏடுகள் வருமானத்தையே எழுதும். வரலாறு கற்போர் அவ்வேடுகளிற் காண முடியாததையும் மனத்திற் கொண்டு படித்தல் வேண்டும் என்பதே என் கருத்து.

அடுத்த ஆண்டு, 1906இல், மரிச்சுக்கட்டிச் சலாபத்துக்குக் கடமையாற்ற அனுப்பப்பட்டவர்களுள் ஒருவர் லெனாட் வூல்ஃப். பின்னாளில் எழுத்தாளராகப் புகழ் பெற்ற அவர் அப்போது இருபத்தைந்து வயதினர். 1961இல் வெளிவந்த தம் தன்வரலாற்றுப் பாகத்தில் ஓர் இறப்பைக் குறித்துள்ளார். அரபுக் குளியாளி ஒருவன் கடலில் மாண்டான். உடலைத் தோணியிற் கொணர்ந்தனர். உடன்பிறந்தான் துயரத்தால் உடைந்து நின்றான். கூட்டத்தின் மூத்தவர் ஒருவர் அவனைத் தேற்றினார். பின்னர் உடலைச் சுமந்து கரையேறினர். மாண்டவன் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. எனினும் வளைகுடா நாட்டில் எங்கோ ஒரு வீட்டில், இலங்கைக்குப் போன பெரியவர் திரும்பவில்லை என்ற கதை பேரன்மாரிடம் இன்னும் இருக்கக் கூடும். கீழக்கரையிலும் தூத்துக்குடியிலும் அத்தகைய வீடுகள் பல இருந்திருக்கும். ஆதலால் இக்கரையின் மையவாடி நம்மூரார்க்கு மட்டும் உரியதன்று.

அரிப்பைக் குறித்துப் பேசும்போது றொபேட் நொக்ஸ் நினைவுக்கு வருகின்றார். கண்டி இராச்சியத்திற் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்து தப்பி, 1679ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் அரிப்புக் கோட்டையை அடைந்தவர் அவர். அவருடன் சிறைப்பட்ட தந்தையார் 1661இற் காய்ச்சலால் இறந்தார். தந்தையைத் தம் கையாலேயே அடக்கம் செய்ய வேண்டியிருந்ததை நொக்ஸ் தமது நூலில் எழுதினார். அங்கே கல் நடப்படவில்லை. ஆயினும் மகன் எழுதிவைத்த காரணத்தால், இன்னார் இன்ன ஊரில் அடங்கினார் என்பதை மூன்றரை நூற்றாண்டு கழிந்தும் அறிகின்றோம்.

நம்மூர்களில் அவ்வாறு எழுதும் வழக்கம் இல்லை, வாய்ச்சொல்லே ஏடாயிருந்தது. வெள்ளிக்கிழமைகளிலும் பெருநாளிலும் மூத்தவாப்பா பேரனைக் கைப்பிடித்து மையவாடிக்கு அழைத்துச் செல்வார். வேப்பமரத்தின் கீழே கிடப்பவர் யார், வேலியோரத்திலே கிடக்கும் பெண் யாருடைய மூத்தம்மா, சுட்டுவிரலாற் காட்டுவார். பேரன் முதியவனாகித் தன் பேரனுக்குக் காட்டுவான். இச்சங்கிலி 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் அறுந்தது. வடமாகாணத்து முஸ்லிம்கள் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, முசலி மக்களும் ஊரை விட்டு நீங்கினர். புத்தளம் மாவட்டத்து முகாம்களிலும் குடியேற்றங்களிலும் இருபது ஆண்டுகள் அளவில் வாழ்ந்தனர். ஊரை அறிந்த முதியோர் பலர் அங்கேயே மறைந்து அம்மண்ணிலேயே அடங்கினர். 2009இற் போர் முடிந்த பின்னர்த் திரும்பிய இளைஞர், ஊர் என்று கேட்டறிந்த இடத்திலே காட்டைக் கண்டனர். தந்தையின் கபுறு புத்தளத்திலும் பாட்டனின் கபுறு முசலியிலும் என்று ஒரு குடும்பத்தின் மையவாடி இரண்டாகிவிட்டது.

மரிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி ஆகிய ஊர்களை ஒட்டிய நிலம் 2012இல் ஒதுக்குக் காடாகவும், 2017இற் பாதுகாக்கப்பட்ட வனமாகவும் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. மீண்டு வந்தோர் தம் மூதாதையர் இங்கு வாழ்ந்தனர் என்றனர். காட்டைக் காக்க வேண்டும் என்றனர் மற்றையோர். அவ்வழக்கைத் தீர்ப்பது என் தொழிலன்று. காட்டின் அருமையையும் நான் அறிவேன். ஆனால் உறுதிப் பத்திரம் போரில் அழிந்த குடும்பத்துக்கு, இடிந்த பள்ளியும் தூர்ந்த கிணறும் பழைய கபுறும் அன்றி வேறு சான்று எது? மையவாடியைப் பற்றிய அறிவு உணர்ச்சிக்குரிய பொருளாக மட்டும் இருந்த நிலை மாறிவிட்டது.

எழுத்தில்லாக் கபுறைப் படிக்கும் முறையைச் சிறிது சொல்லுகிறேன். முதலிற் பார்க்க வேண்டியது திசை. மக்கா இங்கிருந்து மேற்குத் திசையிலே, சற்று வடக்கே சாய்ந்து உள்ளது. மையத்தை வலப்பக்கமாக ஒருக்களித்து முகம் கிப்லாவை நோக்க வைப்பர். ஆகவே தலை வடக்கிலும் கால் தெற்கிலுமாகக் கிடக்கும். கத்தோலிக்கச் சேமக்காலையில் அமைப்பு வேறு. சைவருள் எரியூட்டப்பட்டோர்க்குக் குழியே இல்லை. காடு மூடிய நிலத்தில் வரிசையாகத் தென்படும் கற்கள் எவருடையவை என்பதற்குத் திசை முதற்குறிப்பாகும். அடுத்தது அயல். உறவினரை உறவினர் அருகே அடக்குவது பெரும்பான்மை வழக்கு. ஒரு கபுறு உறுதியானால் பக்கத்திலுள்ளவற்றை ஊகிக்க இடமுண்டு. மணற்பாங்கான மையவாடியில் பல ஆண்டுகளின் பின் அதே இடத்தை மீண்டும் தோண்டுவதும் உண்டாதலால், ஒரு மீஸானின் கீழே மூன்று தலைமுறை கிடக்கலாம் என்பதையும் மறத்தலாகாது.

பெயர்தான் பெருந்தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை; தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னே நிற்கும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் ஒரே பெயரினர் நால்வர் ஐவர் வருவர். ஆதலின் லெப்பை, மரைக்காயர், சம்மாட்டியார் என்ற பட்டத்தையும், ஊரார் வைத்த பட்டப்பெயரையும், மனைவி பெயரையும் சேர்த்தே குறித்துக்கொள்ளல் வேண்டும். ஆண்டு கேட்டால் முதியோர் எண் சொல்லார். புயலுக்கு முந்தி என்பர். அது 1964 டிசெம்பர்ப் புயல். ஜப்பான்காரன் குண்டு போட்ட காலம் என்பர், அது 1942. ஹிஜ்ரி ஆண்டு கிடைத்தால் 33 ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 32 ஆங்கில ஆண்டு எனக் கணித்துக்கொள்ளலாம்.

வாய்ச்சொல்லைப் பதிவேட்டோடு ஒப்புநோக்குவது அதன்பிற் செய்ய வேண்டியது. பிறப்பு, இறப்புப் பதிவு இலங்கையில் 1867இல் தொடங்கி 1897இற் கட்டாயமாயிற்று. விவாகப் பதிவில் தந்தை பெயர் காணப்படும். கத்தோலிக்கர்க்குக் கோவிற் பதிவேடுகள் உள்ளன. இவ்வகையில் அவர்கள் நம்மிலும் பாக்கியசாலிகள்.

இத்தேடலில் இறங்குவோர் சிலரிடம் நான் காணும் குறை ஒன்றுண்டு. அரபு நாட்டுப் பிரபு ஒருவரையோ அரசவை வணிகர் ஒருவரையோ முன்னோராகக் கண்டுபிடித்தே தீர்வது என்று தொடங்குகின்றனர். குளியாளியும், தோணி தள்ளியவனும், ஆடு மேய்த்தவனும், சேனை வெட்டியவனும் அவர்களுக்கு முன்னோராகத் தோன்றுவதில்லை. கொண்டச்சி மண்ணிலே பெரும்பாலும் கிடப்போர் அவர்களே. மற்றொரு குறை பக்தியால் வருவது. ஊருக்கு மீண்டவுடன் மையவாடியைத் துப்புரவாக்குகிறோம் என்று இயந்திரத்தால் நிலத்தைச் சமன்செய்து, பழைய முருகைக்கல்லைப் பிடுங்கிச் சீமெந்துக் கல் நடுகின்றனர். கல்லோடு அது நின்ற இடமும் போய்விடுகின்றது. ஒரு கல்லையேனும் அசைக்கு முன் படம் வரைந்துகொள்வது நன்று.

எங்கள் பாடசாலை மாணவர் சிலர் அவ்வாறு படம் வரைந்து வருகின்றனர். கட்டமிட்ட தாளில் மரங்களையும் வேலியையும் முதலிற் குறித்து, ஒவ்வொரு கபுறுக்கும் ஓர் எண் இட்டு, தனிக் கொப்பியில் அவ்வெண்ணுக்கு நேரே சொன்னவர் பெயரையும் சொன்ன நாளையும் எழுதுகின்றனர். இருவர் மாறுபடச் சொன்னால் இரண்டையும் எழுதுமாறு கூறியுள்ளேன். பிரதியொன்று பள்ளிவாசலிலும் ஒன்று பாடசாலையிலும் இருக்கும். எண்களிற் பாதிக்கு மேல் இன்னும் வெறுமையாகவே உள்ளன. பெயர் தெரிந்த முதியவள் ஒருத்தி புத்தளத்திலே மகளோடு இருக்கின்றாள் என்று கேள்வி. விடுமுறையில் இரு மாணவர் கொப்பியோடு அவளிடம் போகின்றனர்.