அடுக்கு ஊடகங்களில் ஒளித் தனியலை

ஒளியை உறிஞ்சும் அணுக்கள் சம இடைவெளியிட்டு மெல்லிய அடுக்குகளாக அமைந்த ஊடகத்தில், உருக்குலையாமலும் சக்தி குன்றாமலும் செல்லவோ ஓரிடத்தில் நிற்கவோ வல்ல ஒளித்துடிப்பு ஒளித் தனியலை எனப்படும். தனியலைக்குச் சாலிட்டன் என்றும் பெயர்.

தனியலையின் சரித்திரம் ஜலத்தில் தொடங்குகிறது. 1834 ஆகஸ்டில், எடின்பரோவை அடுத்த யூனியன் கால்வாயில் குதிரைகள் இழுத்துச் சென்ற படகு சட்டென்று நிற்க, அதன் முகப்பில் திரண்ட நீர் ஏறத்தாழ 30 அடி நீளமும் ஓரடிக்குச் சற்று மேற்பட்ட உயரமும் கொண்ட ஒற்றை மேடாகப் பிரிந்து, மணிக்கு எட்டொன்பது மைல் வேகத்தில் வடிவம் மாறாது விரைந்ததைக் கண்ட ஜான் ஸ்காட் ரஸ்ஸல் என்னும் பொறியாளர், குதிரைமீதே அதனை ஓரிரு மைல் தொடர்ந்துசென்று, கால்வாயின் வளைவுகளிடையே தவறவிட்டார். கணித மேதைகள் சிலர் இதனை ஐயுற்றனர். 1895-இல் கோர்ட்டவெக், டி விரீஸ் இருவரின் சமன்பாடு ரஸ்ஸலின் பக்கமே நியாயம் என்று காட்டிற்று. சாலிட்டன் என்னும் பெயர் 1965-இல் ஸாபஸ்கியும் குருஸ்கலும் இட்டது.

உறிஞ்சும் பதார்த்தத்தினூடே ஒளி நஷ்டமின்றிக் கடக்கக்கூடும் என்பதை 1967-இல் மக்கால், ஹான் ஆகியோர், திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்ட மாணிக்கக் கல்லில் மெய்ப்பித்தனர். துடிப்பு போதிய வலிமையுடையதாயின், அதன் முன்பாதி அணுக்களுக்குக் கைமாற்றாகக் கொடுத்த சக்தியைப் பின்பாதி வட்டியின்றித் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் துடிப்பின் வேகம் மட்டும் குறைகிறது. வலிமை குறைந்த துடிப்போ உள்ளேயே மாய்ந்துபோகிறது.

அணுவடுக்குகளை அரை அலைநீள இடைவெளியில் நிறுத்தினால் நிலைமை மாறும். அடுக்குதோறும் சிறிதே எதிரொளிப்பினும், பிராக் விதிப்படி அவ்வெதிரொளிகள் ஒருமித்துச் சேர, ஊடகம் முழுவதும் அந்த அலைநீள ஒளிக்கு முகக்கண்ணாடிபோல் ஆகிவிடுகிறது. இத்தடையையும் வலிய துடிப்பு ஊடுருவும் என்பதை 1980-களில் சோவியத் நாட்டு மான்ட்சிசோவ், குஸ்மின் இருவரும் கணக்கிட்டனர். ஒளிவிலகல் எண்ணையும் அடுக்கடுக்காக மாற்றியமைத்த ஊடகத்தை 1995-இல் கொஷெகினும் குரிஸ்கியும் ஆராய, 1998-இல் மலோமெட் அவர்களுடன் சேர்ந்து, ஒளி அசைவற்று நிற்கும் தனியலைகளும் அங்கு இயலும் என்று நிறுவினார். இவற்றைச் சாலிட்டன் என்றழைக்கையில், ஒன்றோடொன்று மோதிய பின் சிறிதும் மாறாமல் மீள்வதே சாலிட்டனின் லட்சணம் என்னும் கணிதர் கொள்கையை இத்துறையில் வற்புறுத்துவதற்கில்லை.

அணுக்களின் ஒத்திசைந்த அதிர்வு கலையுமுன் ஒளி கடந்தாக வேண்டியிருப்பதால், கோட்பாடு சென்ற தூரத்துக்குப் பரிசோதனை இன்னும் சென்றிலது. குறைகடத்திக் குவாண்டம் கிணறுகளின் அடுக்குகளில் சில முயற்சிகள் நடைபெற்றுள்ளன.