பாவை கற்பித்த பாடம்: தாதியர் பயிற்சி வரலாற்றில் ஓர் ஏடு

"ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்பது தமிழ் மக்கள் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. "ஆயிரம் வேரைக் கண்டவன்" என்பதே மருவி இவ்வாறாயிற்று என உரைப்பாரும் உளர். மூல வடிவம் எதுவாயினும், மக்கள் இப்பழமொழியைக் கைவிடாது போற்றி வருவதற்குக் காரணம் உண்டு. கைத்திறன் பழகப் பழகவே வாய்க்கும். முதன்முறை செய்பவர் தவறுவது இயல்பு. தச்சுத்தொழில் பழகும் மாணாக்கன் தவறினால் ஒரு பலகை வீணாகும். குயவனின் மாணாக்கன் தவறினால் ஒரு பிடி மண் மீண்டும் சக்கரத்திற்குச் செல்லும். மருத்துவம் பழகுவோர் தவறினால் வருந்துவது மனித உடல். சில வேளைகளில் பிரிவது மனித உயிர்.

இச்சிக்கல் மருத்துவரைப் போலவே தாதியரையும் சார்ந்ததாகும். நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு, அருகிருந்து பணிபுரிவோனையும் சேர்த்து மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக வைத்தார் திருவள்ளுவர். மருத்துவர் நாளில் ஓரிரு முறை வந்து பார்த்துச் செல்ல, நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதும், உடல் துடைப்பதும், ஊசி போடுவதும், புண்ணைக் கழுவிக் கட்டுவதும் தாதியரே. இத்தனை செயல்களையும் ஒருவர் முதன்முதலாக எவர் உடலில் பழகுவது? இவ்வினாவுக்கு உலகம் கண்ட விடைகளின் வரலாறு, கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டோர் அறிந்து கொள்ளத்தக்கதாகும்.

முன்னோர் கண்ட வழி

இவ்வினா புதியதன்று. பழம்பாரதத்தின் அறுவை மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதையில், பயிற்சி முறைகளுக்கென்றே ஓர் அத்தியாயம் அமைந்துள்ளது. நூல்களையெல்லாம் கசடறக் கற்றவனாயினும், கைப்பயிற்சி இல்லாதவன் சிகிச்சைக்குத் தகுதியற்றவன் என்பது அந்நூலின் கருத்து. ஆகவே, கீறிப் பழகுவதற்குப் பூசணியும் சுரைக்காயும் வெள்ளரியும், நரம்பைத் துளைத்துப் பழகுவதற்கு இறந்த விலங்கின் நாளங்களும் தாமரைத் தண்டும் கூறப்பட்டன. குடல் கழுவும் குழாயைச் செலுத்திப் பழக நீர் நிறைந்த குடத்தின் துளையும் சுரைக்குடுக்கையின் வாயும் பயன்பட்டன. கட்டுக்கட்டிப் பழகுவதற்கோ, உறுப்புகள் அமைந்த முழு உருவப் பாவை ஒன்றையே அந்நூல் விதிக்கிறது. இன்றைய தாதியர் பயிற்சிக் கூடத்தில் காணும் பாவையின் மூதாதை இதுவே எனலாம்.

சீன நாட்டில், சோங் அரச மரபுக் காலத்தில், 1027ஆம் ஆண்டு வாங் வெய்யி என்னும் மருத்துவ அறிஞரின் மேற்பார்வையில் ஆளுயர வெண்கல உருவங்கள் இரண்டு வார்க்கப்பட்டன. ஊசி மருத்துவத்திற்குரிய இடங்கள்தோறும் அவற்றில் துளைகள் இருந்தன. தேர்வு நாளில் உருவத்தின் மேல் மெழுகைப் பூசித் துளைகளை மறைத்து, உள்ளே நீரை நிரப்புவர். மாணாக்கன் சரியான இடத்தில் ஊசி குத்தினால் நீர் கசியும். தவறினால் ஊசி உள்ளே செல்லாது. தேர்வாளரின் விருப்பு வெறுப்புக்கு இடமளியாத தேர்வு இது.

மன்னர் அனுப்பிய மருத்துவச்சி

பாவனைப் பயிற்சியை ஒரு நாடு முழுவதற்கும் உரிய இயக்கமாக்கிய பெருமை, பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சில் வாழ்ந்த ஆஞ்செலிக் து கூத்ரே என்னும் மருத்துவச்சியைச் சாரும். பாரிசில் முறையாகப் பயின்று 1740இல் தகுதி பெற்ற இவ்வம்மையார், பின்னர் ஓவர்ஞ் என்னும் உள்நாட்டுப் பகுதிக்குச் சென்றார். சிற்றூர்ப் பெண்கள் முறையான பயிற்சியற்றோர் கைகளில் சிக்கிப் பேறுகாலத்தில் மடிவதையும், குழந்தைகள் ஊனமுறுவதையும் ஆங்கே அவர் கண்ணுற்றார்.

கற்பிக்க முற்பட்டபோது ஒரு தடை குறுக்கிட்டது. கற்க வந்த பெண்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். நூலைக் கொடுத்துப் பயனில்லை. உயிருள்ள தாயை வைத்துக் கற்பிக்கவும் இயலாது. ஆகவே அவர் துணியாலும் தோலாலும் பஞ்சாலும், பெண்ணின் இடுப்புப் பகுதியை முழு அளவில் உருவாக்கினார். அதனுள் வைத்து எடுக்கத்தக்க குழந்தைப் பாவையும், தொப்புள் கொடியும், நச்சுக்கொடியும் அமைந்திருந்தன. வார்களை இழுத்தும் தளர்த்தியும் பிறப்புவழி விரிவதைக் காட்டலாம். குழந்தை குறுக்காகக் கிடப்பதையும், கால் முன்னதாக வருவதையும் வைத்துக் காட்டி, மாணவியின் கையையே உள்ளே செலுத்தித் திருப்பச் சொல்லலாம். இதனை அவர் "இயந்திரம்" என்றே அழைத்தார்.

1759இல் பதினைந்தாம் லூயி மன்னர், நாடெங்கும் சென்று கற்பிக்கும் உரிமையை இவருக்கு அளித்தார். அதே ஆண்டில் இவருடைய பேறுகால நூலும் வெளிவந்தது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஊர் ஊராகச் சென்ற இவர், ஏறத்தாழ 5,000 பெண்களுக்கு நேரில் பயிற்சியளித்திருக்கலாம் என வரலாற்றாசிரியர் மதிப்பிடுவர். இவருடைய இயந்திரங்களுள் ஒன்று பிரான்சின் ருவான் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது. அதனை ஊடுகதிர்ப் படம் எடுத்தபோது, துணிக்குள்ளே உண்மையான மனித இடுப்பெலும்பு இருப்பது புலப்பட்டது. மாணவியின் விரல்கள் உணர வேண்டியது உண்மையையே என்று அவர் கருதியமைக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

திருமதி சேஸ்

1860இல் இலண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரால் தாதியர் பள்ளி தொடங்கப்பெற்றது. அதன் வழியில் பல நாடுகளிலும் மருத்துவமனைகளோடு இணைந்த பள்ளிகள் தோன்றின. இப்பள்ளிகளின் மாணவியர் கற்பவர்களாக மட்டும் இருக்கவில்லை. நோயாளர் கூடங்களின் உழைப்பில் பெரும்பகுதி அவர்களுடையதே. எனவே வேலை செய்துகொண்டே வேலையைக் கற்றனர். பொது மருத்துவமனைகளில் கிடந்தோருள் பெரும்பாலோர் ஏழைகள். புதிய கையின் முதல் தடுமாற்றத்தை அவ்வேழை உடல்களே தாங்கின. அவர்கள் மறுத்துரைக்கும் நிலையில் இருந்தாரல்லர். சில பள்ளிகள் வைக்கோல் திணித்த உருவங்களைப் பயன்படுத்தின. ஆயினும் அவை மனித உடலைப் போல் மடங்கவோ நிமிரவோ செய்யா.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஹார்ட்போர்ட் மருத்துவமனைத் தாதியர் பள்ளியின் முதல்வராக இருந்த லாடர் சதர்லாந்து அம்மையார் இக்குறையை உணர்ந்தார். ஆளுயரப் பாவை ஒன்றைச் செய்து தருமாறு, ரோட் ஐலண்ட் மாநிலத்துப் பாட்டக்கெட் நகரில் பொம்மைகள் செய்துவந்த மார்த்தா ஜென்க்ஸ் சேஸ் அம்மையாரை அவர் நாடினார். மார்த்தா சேஸ் ஒரு மருத்துவரின் மகள். மற்றொரு மருத்துவரின் மனைவி. உடைந்துபோகும் பீங்கான் பொம்மைகளுக்கு மாறாக, குழந்தைகள் அச்சமின்றி எடுத்து விளையாடத்தக்கனவும் கழுவத்தக்கனவுமான துணிப்பொம்மைகளைச் செய்து பெயர்பெற்றவர்.

1911இல் அப்பாவை ஹார்ட்போர்ட்டை அடைந்தது. ஐந்தடி நான்கு அங்குல உயரம், துணியாலான உடல், வண்ணம் பூசிய தோல், மடங்கும் மூட்டுகள். மாணவியர் அதற்கு உடை அணிவித்தனர், உடல் துடைத்தனர், படுக்கையில் புரட்டினர், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றினர். 1914இல் வந்த திருத்திய பாவையின் கையில் ஊசி போட்டுப் பழகும் இடமும், உடலுக்குள் நீர்த் தேக்கமும் அமைந்தன. அதனால் சிறுநீர்க் குழாய் செலுத்துதல், குடல் கழுவுதல் போன்ற கூச்சத்திற்குரிய பணிகளையும் பாவையிடமே பழக முடிந்தது. செய்தவரின் பெயரால் மாணவியர் அதனைத் "திருமதி சேஸ்" என்றே அழைத்தனர். பல பத்தாண்டுகள் அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் தாதியர் பள்ளிகளில் திருமதி சேஸ் கட்டிலில் கிடந்தார்.

இதன் பயனை நுணுகி நோக்குதல் வேண்டும். திருமதி சேஸ் மாணவிக்கு அளித்தது திறன் மட்டுமன்று. தவறு செய்யும் உரிமையையும் அளித்தார். ஊசி கோணலாகச் சென்றால் பிடுங்கி மீண்டும் குத்தலாம். பாத்திரம் கவிழ்ந்தால் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம். அச்சம் நீங்கிய கையே நோயாளியிடம் மென்மையாக நடக்கும்.

மூச்சூட்டும் பாவை

மயங்கி மூச்சடங்கியவருக்கு வாயோடு வாய் வைத்து மூச்சூட்டும் முறையின் சிறப்பை 1950களின் இறுதியில் பீட்டர் சாபார் முதலிய மருத்துவர்கள் நிறுவினர். ஆயினும் நலமாக உள்ள ஒருவரிடம் அதனைப் பழகுவது எளிதன்று, தகாததுமாகும். நார்வே நாட்டின் ஸ்டாவாங்கர் நகரில் மென்மையான நெகிழிப் பொம்மைகள் செய்துவந்த ஆஸ்முண்ட் லேர்டால் இப்பணியை ஏற்றார். தம் இளம் மகன் நீரில் மூழ்கி உயிர் தப்பியதை நேரில் கண்டவர் அவர். 1960இல் "ரெசசி ஆன்" என்னும் பாவை வெளிவந்தது. பாரிசின் சேன் ஆற்றில் மூழ்கி இறந்தவர் எனக் கூறப்படும், பெயர் அறியப்படாத இளம்பெண்ணின் முகவார்ப்பே அதன் முகமாயிற்று. அதே ஆண்டில் மார்பை அழுத்தி இதயத்தை இயக்கும் முறையும் அமெரிக்காவில் வெளியிடப்பெற்றது. சாபாரின் ஆலோசனைப்படி பாவையின் மார்பில் வில்சுருள் பொருத்தப்பட்டது. அதன்பின் தாதியர் மட்டுமன்றி, ஆசிரியரும் பள்ளி மாணவரும்கூட உயிர் காக்கும் முறையைப் பழகலாயினர்.

பிற துறைகளும் இவ்வாறே கற்றன. எட்வின் லிங்க் 1929இல் அமைத்த விமானப் பயிற்சிப் பொறியை முதலில் விளையாட்டுப் பொருளாகவே பலரும் கருதினர். 1934இல் அஞ்சல் சுமந்து பறந்த அமெரிக்கப் படை விமானிகள் பலர் மோசமான வானிலையில் மாண்ட பின்னரே, அரசு அப்பொறிகளை வாங்கியது. உயிரிழப்பு நேர்ந்த பின்னரே பயிற்சியின் அருமை உணரப்படுவது வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படும் துயரம்.

பாவையால் இயலாதது

பாவைக்கு வலியில்லை, அச்சமில்லை, நாணமுமில்லை. இதுவே அதன் சிறப்பு; இதுவே அதன் குறையும் ஆகும். "வலிக்கிறதம்மா" எனச் சொல்லாத உடலிடம் பழகியவர், வலியால் துடிப்பவரைக் கண்டு திகைக்கக்கூடும். இக்குறையை நீக்க, 1963இல் ஹாவர்ட் பாரோஸ் என்னும் நரம்பியல் மருத்துவர், நோயாளியாக நடிக்கப் பயிற்றப்பட்ட மனிதரைக் கொண்டு மாணாக்கருக்குக் கற்பிக்கும் முறையைத் தொடங்கினார். பின்னர்க் கணினியால் இயங்கும் பாவைகள் தோன்றின. 1968இல் மயாமியில் மைக்கேல் கார்டன் அறிமுகப்படுத்திய "ஹார்வி", பல்வகை இதயநோய்களின் ஒலியையும் நாடித் துடிப்பையும் காட்டியது. இக்காலப் பாவைகள் மூச்சு விடுகின்றன, கண் இமைக்கின்றன, பேசவும் செய்கின்றன.

மருத்துவமனைப் பயிற்சியில் எவ்வளவு பகுதியைப் பாவனைப் பயிற்சியால் ஈடுசெய்யலாம் என்னும் வினாவும் எழுந்தது. அமெரிக்க நாட்டுத் தாதியர் வாரியங்களின் தேசியக் குழு பத்துக் கல்வி நிறுவனங்களில் நடத்திய ஆய்வு 2014இல் வெளியாயிற்று. பயிற்சி நேரத்தில் 50 விழுக்காடு வரை பாவனைப் பயிற்சியாக அமைந்தோரும், வழக்கமான முறையில் பயின்றோரும் அறிவிலும் திறனிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காட்டவில்லை என்பது அதன் முடிவு. ஆனால் தேர்ந்த ஆசிரியரும், பயிற்சிக்குப் பின் நடந்ததை அமர்ந்து ஆராயும் முறையும் அந்நிறுவனங்களில் இருந்தன என்பதை மறத்தலாகாது. விலையுயர்ந்த பாவையை வாங்கி மூலையில் நிறுத்தினால் மட்டும் கல்வி நிகழ்ந்துவிடாது. து கூத்ரே அம்மையாரின் துணிப்பாவை வெற்றி பெற்றது, அதன் அருகே து கூத்ரே நின்றதனால் என்க.

ஆசிரியர் உலகுக்கு

இவ்வரலாறு தாதியர்க்கு மட்டும் உரியதன்று. ஆசிரியர் பயிற்சியிலும் இதே கொள்கை புகுந்தது. 1963 அளவில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான நுண்ணிலைக் கற்பித்தல் முறை அதற்குச் சான்றாகும். பயிற்சி ஆசிரியர் ஒருவர் சில மாணவர்க்கு மட்டும், சில நிமிடங்கள், ஒரே ஒரு திறனைப் பழகுகிறார். பின்னர்க் குறைநிறைகளை ஆராய்ந்து மீண்டும் கற்பிக்கிறார். முழு வகுப்பின் ஓராண்டுக் கல்வி, பயிலும் ஆசிரியரின் தடுமாற்றத்திற்கு இரையாகலாகாது என்பதே இதன் உட்கருத்து. நோயாளியின் வலி உடனே தெரியும். தவறாகக் கற்பிக்கப்பட்ட குழந்தையின் இழப்போ பல ஆண்டுகள் கழித்தே தெரியும். சில வேளைகளில் தெரியாமலே போய்விடும். ஆதலின் ஆசிரியரின் முன்பயிற்சி தாதியரின் முன்பயிற்சியைவிட எவ்வகையிலும் குறைந்த தேவையன்று.

கற்போரின் தவறு கற்றலின் ஒரு பகுதியே. ஆயின் அத்தவறுக்குரிய விலையை ஏழை நோயாளியோ எளிய மாணாக்கனோ செலுத்துதல் அறமாகாது. பூசணிக்காய் முதல் கணினிப் பாவை வரை மனித குலம் தேடியது இவ்வறத்தையே. பாவையை ஆயிரம் முறை தொட்டவர் அரைத் தாதி ஆவார். எஞ்சிய அரையை நோயாளியின் முகம் பார்த்தே கற்றல் வேண்டும். அவ்வாறு அவர் முன்னே சென்று நிற்கும்போது, கையில் நடுக்கமின்றி, நெஞ்சில் பரிவோடு நிற்பதற்கு அந்த ஆயிரம் முறைப் பயிற்சியே துணையாகும்.