133-ஐ எட்டாத அரசு

கனடா நாடாளுமன்றத்தில் அன்று 265 இடங்கள். தனித்து ஆள 133 வேண்டும். 1963 ஏப்ரல் தேர்தலில் லெஸ்டர் பியர்சனின் லிபரல் கட்சி அந்த எண்ணுக்கு நான்கைந்து இடம் கீழே நின்றுவிட்டது. பெரும்பான்மை கிடைக்கும் என்று நம்பி 1965 நவம்பரில் மறுபடியும் மக்களிடம் போனார். கிடைத்தது 131. இரண்டு இடம் குறைவு! 1968 ஏப்ரலில் பதவி விலகும்வரை, ஐந்து ஆண்டுகளில் ஒரு நாள்கூட அவருக்குச் சொந்தப் பெரும்பான்மை இருந்ததில்லை. அவருக்கு முன் பிரதமராக இருந்த கன்சர்வேடிவ் தலைவர் ஜான் டீஃபன்பேக்கருக்கு 1958இல் 208 இடங்கள் இருந்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அந்த 208 விட்டுச் சென்றவற்றில் 1960ஆம் ஆண்டின் உரிமைச் சட்டமும் பழங்குடியினருக்குக் கிடைத்த வாக்குரிமையும் மதிக்கத்தக்கவைதான். ஆனால் இன்று ஒரு கனடியர் மருத்துவரிடம் காசு கொடுக்காமல் எழுந்து வருவதும், அவருடைய சம்பளச் சீட்டில் ஓய்வூதியப் பிடித்தம் இருப்பதும், அவர் ஊர் அஞ்சலகத்தின் மேல் செந்நிற மேப்பிள் இலை பறப்பதும் 133-ஐ எட்டாத அந்த ஐந்து ஆண்டுகளின் வேலைகள். பெரும்பான்மை இல்லாமலே பியர்சன் இவ்வளவு செய்தார் என்று வரலாற்று நூல்கள் வியக்கும். பெரும்பான்மை இல்லாததால்தான் இவை இத்தனை காலம் நிலைத்தன என்பது என் கட்சி.

மருத்துவக் காப்பீட்டிலிருந்து தொடங்குவோம். இதன் விதை தலைநகர் ஒட்டாவாவில் விழுந்ததல்ல. சஸ்காட்செவன் மாகாணத்தில் டாமி டக்ளஸின் சோஷலிச அரசு 1947இலேயே மருத்துவமனைக் காப்பீட்டைக் கொண்டுவந்துவிட்டது. மருத்துவரின் கட்டணத்தையும் அரசே ஏற்கும் திட்டம் அங்கே 1962 ஜூலை 1ஆம் தேதி அமலுக்கு வந்தபோது, மாகாணத்து மருத்துவர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிரிட்டனிலிருந்து மருத்துவர்களை வரவழைத்து அரசு சமாளித்தது. அதற்கு முந்தைய ஆண்டே, நாடு முழுவதற்கும் எது பொருந்தும் என்று ஆராய டீஃபன்பேக்கர் ஓர் ஆணையம் அமைத்திருந்தார். தலைவராக அவர் போட்டது எம்மெட் ஹால் என்ற நீதிபதியை. ஹால் கன்சர்வேடிவ்காரர், டீஃபன்பேக்கரோடு சட்டம் படித்தவர். மருத்துவர் சங்கம் நிம்மதியாக இருந்தது. 1964இல் வெளிவந்த அறிக்கையோ சஸ்காட்செவன் பாதையைத்தான் நாட்டுக்கே பரிந்துரைத்தது. மருந்து, குழந்தைகளின் பல் சிகிச்சை, மூக்குக்கண்ணாடி வரை அது கேட்டதைப் பார்த்து இடதுசாரிகளே அசந்துபோனார்கள்.

கன்சர்வேடிவ் பிரதமர் நியமித்த கன்சர்வேடிவ் நீதிபதி எழுதிய அறிக்கை இப்போது லிபரல் பிரதமரின் மேசையில் இருந்தது. அவரைத் தாங்கிப் பிடித்த புதிய ஜனநாயகக் கட்சியின் தலைவரோ, சஸ்காட்செவனை விட்டு ஒட்டாவாவுக்கு வந்துவிட்ட அதே டாமி டக்ளஸ். லிபரல்களிடம் வசதியான பெரும்பான்மை இருந்திருந்தால் இந்தச் சட்டம் தள்ளிப்போயிருக்கும் என்று நான் நினைக்கிறேன். காரணம், நிதியமைச்சர் மிட்செல் ஷார்ப்பும் அவரைச் சார்ந்தவர்களும் தயங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். நாடு நூற்றாண்டு கொண்டாடும் 1967 ஜூலை 1 என்று குறித்த தேதியை ஷார்ப் ஓர் ஆண்டு தள்ளியும் வைத்தார். அதற்கு மேல் தள்ள இடமில்லை. கட்சிக்குள்ளும் வெளியிலும் நெருக்கடி. 1966 டிசம்பரில் மசோதா வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவு 177, எதிர்ப்பு 2. எதிர்க்கட்சி வரிசையில் இருந்தவர்களும் கையைத் தூக்கிய சட்டம் இது. பிறகு அவர்களே ஆட்சிக்கு வந்தாலும், தாங்கள் கைதூக்கியதைத் தாங்களே எப்படிக் கலைப்பார்கள்? 1984இல், மருத்துவர்கள் நோயாளியிடம் தனியாகக் கூடுதல் கட்டணம் வாங்குவதைத் தடுக்கும் கனடா சுகாதாரச் சட்டம் வந்தபோது பிரையன் மல்ரோனியின் கன்சர்வேடிவ்கள் ஒருவர் விடாமல் ஆதரித்ததையும், அந்த ஆண்டு செப்டம்பரிலேயே அவர்கள் பெரும்வெற்றி பெற்றதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வலதுசாரி அலை உலகெங்கும் வீசிய காலம் அது. இதை மட்டும் அவர்கள் தொடவில்லை.

மாகாணங்கள் அப்படி ஒன்றும் மனமுவந்து ஒப்பவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஒன்டாரியோவின் முதல்வர் ஜான் ராபார்ட்ஸ் இதைக் கடுமையாகச் சாடினார். 1968 ஜூலை 1 அன்று சேரத் தகுதி பெற்றிருந்தவை சஸ்காட்செவனும் பிரிட்டிஷ் கொலம்பியாவும் மட்டும். ஆனால் ஒட்டாவா யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்பதுதான் இதன் சூட்சுமம். சுகாதாரம் அரசியலமைப்புப்படி மாகாணத்தின் துறை. எனவே ஒன்றிய அரசு பக்கம் பக்கமாக விதி எழுதாமல் நான்கு நிபந்தனைகளை மட்டும் வைத்தது: எல்லோருக்கும் கிடைக்க வேண்டும், மருத்துவரின் தேவையான சேவைகள் அனைத்தும் அடங்க வேண்டும், மாகாணம் விட்டு மாகாணம் போனாலும் செல்ல வேண்டும், நிர்வாகம் பொதுத்துறையில் இருக்க வேண்டும். இவற்றை நிறைவேற்றும் மாகாணத்துக்குச் செலவில் ஏறத்தாழப் பாதியை ஒட்டாவா தரும். மற்றபடி திட்டத்தை எப்படி வடிவமைப்பது என்பது அவரவர் பாடு. முரண்டு பிடித்த ஒன்டாரியோவும் 1969இல் வந்து சேர்ந்தது. 1971க்குள் பத்து மாகாணங்களும் உள்ளே.

ஓய்வூதியத் திட்டத்தில் இந்த விளையாட்டு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. 1964 வசந்தத்தில் கியூபெக் நகரில் ஒன்றிய அரசும் மாகாணங்களும் கூடிய மாநாடு. ஒட்டாவா தன் திட்டத்தோடு போயிருந்தது. கியூபெக் முதல்வர் ஜான் லெசாஜ் தன்னுடைய திட்டத்தை எடுத்து விரித்தார். கூடியிருந்தவர்களுக்கு விஷயம் சட்டென்று புரிந்துவிட்டது. கியூபெக்கின் திட்டத்தில் சலுகைகள் மேல், அதோடு சேரும் நிதியை மாகாணமே முதலீடு செய்துகொள்ளலாம். மற்ற முதல்வர்களுக்கு நாக்கில் நீர் ஊறியது. மாநாடு கசப்பில் முடிந்தது. நாடு உடைந்துவிடுமோ என்ற பேச்சுகூட எழுந்தது. பலமான அரசாக இருந்திருந்தால் பிடிவாதம் பிடித்திருக்கும். பியர்சன் தன் ஆலோசகர் டாம் கென்டையும் அமைச்சர் மொரீஸ் சோவேயையும் சத்தமில்லாமல் கியூபெக்குக்கு அனுப்பினார். சில நாட்களில் இரண்டு திட்டங்களும் ஒன்றுக்கொன்று இசைவாக மாறின. கியூபெக்குக்குத் தனித் திட்டம், மற்றவர்களுக்குக் கனடா ஓய்வூதியத் திட்டம். பங்களிப்பும் பலனும் இரண்டிலும் ஒத்துப்போகும், பணம் மாகாணங்களுக்குக் கடனாகத் திரும்பும். 1966 ஜனவரியில் பிடித்தம் தொடங்கியபோது விகிதம் 3.6 சதவீதம், பாதி தொழிலாளியிடம், பாதி முதலாளியிடம்.

இந்தப் பேரத்தில் மாகாணங்கள் கேட்டு வாங்கிய ஒரு விதியைத்தான் நான் பியர்சன் ஆட்சியின் ஆகப் பெரிய சொத்தாகக் கருதுகிறேன். திட்டத்தின் அடிப்படையை மாற்ற வேண்டுமானால் மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்கைக் கொண்ட மூன்றில் இரண்டு பங்கு மாகாணங்கள் ஒப்ப வேண்டும். ஒட்டாவாவில் எத்தனை பெரிய பெரும்பான்மையோடு உட்கார்ந்திருந்தாலும் எவராலும் தனியாக இதில் கைவைக்க முடியாது. இந்தப் பூட்டின் வலிமையை இன்னொரு முதியோர் திட்டத்தோடு ஒப்பிட்டால் தெரியும். முதியோர் உதவித்தொகையின் தகுதி வயதை 70இலிருந்து படிப்படியாக 65க்கு இறக்கியதும் பியர்சன் அரசுதான். அது ஒன்றிய அரசின் தனிச் சட்டம், மாகாணங்களைக் கேட்க வேண்டியதில்லை. 2012இல் ஸ்டீபன் ஹார்ப்பரின் பெரும்பான்மை அரசு அந்த வயதை 67 ஆக்கப்போவதாகப் பட்ஜெட்டில் அறிவித்துச் சட்டமும் செய்தது. அமலுக்கு வரும் முன்பே 2016இல் ஜஸ்டின் ட்ரூடோ அரசு திரும்ப 65 ஆக்கியது. பக்கத்திலேயே இருந்த கனடா ஓய்வூதியத் திட்டத்தின் 65 வயதை இருவரும் தொடவில்லை. அதில் நடந்த பெரிய மாற்றங்கள், 1990களின் பிற்பகுதியில் பங்களிப்பை உயர்த்தியதும் 2016இல் பலன்களைக் கூட்டியதும், மாகாணங்களோடு பேசி முடித்தவை.

கொடி விவகாரம் இந்த வாதத்துக்கு எதிர்ச்சாட்சி போலத் தோன்றும். 1964 மே மாதம் வின்னிபெக்கில் முன்னாள் படைவீரர்கள் கூட்டத்துக்கே போய்ப் புதுக் கொடி வேண்டும் என்றார் பியர்சன். பிரிட்டிஷ் கொடியை மூலையில் தாங்கிய பழைய செங்கொடியின்கீழ் போரிட்டவர்கள் அவர்கள், கூச்சலிட்டு எதிர்த்தார்கள். இரண்டு பக்கம் நீலப்பட்டை, நடுவில் மூன்று மேப்பிள் இலைகள் என்று பியர்சன் மனத்தில் வைத்திருந்த கொடி ஒன்று இருந்தது. மாதக்கணக்கில் சண்டை நீண்டபின் விஷயம் அனைத்துக் கட்சிக் குழுவுக்குப் போனது. லிபரல்கள் எப்படியும் தங்கள் தலைவரின் மூவிலைக்குத்தான் வாக்களிப்பார்கள் என்று கணக்குப்போட்ட கன்சர்வேடிவ் உறுப்பினர்கள், போட்டியாக இருந்த ஒற்றை இலைக்கு வாக்களித்தார்கள். லிபரல்களும் ஒற்றை இலைக்கே போட்டார்கள். 14க்குப் பூஜ்யம்! பிரதமரின் கொடி தோற்று, வரலாற்றாசிரியர் ஜார்ஜ் ஸ்டான்லி முன்வைத்த வடிவம் வென்றது. ஆனாலும் டீஃபன்பேக்கர் அவையில் விடவில்லை. கடைசியில் விவாதத்தை முடிப்புத் தீர்மானத்தால் முடித்து, டிசம்பர் 15 நள்ளிரவு தாண்டி 163க்கு 78 என்று நிறைவேற்றினார்கள். வாயை அடைத்துத்தானே ஜெயித்தார்கள் என்று கேட்டால், அந்த முடிப்புத் தீர்மானத்தைக் கொண்டுவரச் சொல்லி அரசைத் தூண்டியவர் லியோன் பால்செர் என்ற கியூபெக் கன்சர்வேடிவ் என்பதே பதில். பியர்சன் தன் விருப்பக் கொடியையே பிடித்துத் தொங்கியிருந்தால் அடுத்து வந்த ஆட்சி அதை இறக்கியிருக்கலாம்.

ஒப்புதல் தேடாமல் செய்தவை என்னவாயின என்றும் பார்க்க வேண்டும். அரசு பதவியேற்ற சில வாரங்களில் அன்றைய நிதியமைச்சர் வால்டர் கார்டன் ஒரு பட்ஜெட் போட்டார். கனடிய நிறுவனங்களை அந்நியர் வாங்கினால் 30 சதவீத வரி என்றார். பங்குச்சந்தையும் எதிர்க்கட்சியும் கொதித்தெழ, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றார். பாதுகாப்பு அமைச்சர் பால் ஹெல்யர் முப்படைகளையும் ஒன்றாக்கி ஒரே சீருடை கொடுத்தது இன்னொன்று. எதிர்த்துப் பேசிய அட்மிரல் லேண்டிமோரின் பதவி போனது. 1968 பிப்ரவரியில் ராயல் கனடியக் கடற்படையும் விமானப்படையும் பெயரளவிலும் மறைந்தன. ஒரே தலைமை என்ற அமைப்பு இன்றும் உண்டு. ஆனால் தனித்தனிச் சீருடைகள் 1980களிலேயே திரும்பிவிட்டன. 2011இல் பழைய பெயர்களும் வந்துவிட்டன.

இந்த வாதத்துக்கு உண்மையிலேயே இடிக்கும் ஒன்று உண்டு. மாகாணங்களோடு கைகோத்து 1966இல் கொண்டுவந்த கனடா உதவித் திட்டம், வறியோருக்கான நலச்செலவில் பாதியை ஒட்டாவா ஏற்பது. மாகாணங்கள் விரும்பி ஏற்றதால் சர்ச்சையே எழவில்லை. 1990இல் வசதியான மூன்று மாகாணங்களுக்கு அந்தப் பணத்தின் வளர்ச்சிக்கு ஒட்டாவா உச்சவரம்பு போட்டது. பிரிட்டிஷ் கொலம்பியா வழக்குக்குப் போக, ஒன்றிய அரசுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1995 பட்ஜெட்டில் திட்டத்துக்கே முடிவு கட்டப்பட்டது. ஆக, தொடக்கத்தில் கைகுலுக்கிக்கொண்டது மட்டும் போதாது. ஓய்வூதியத்துக்கு எழுத்தில் பூட்டு இருந்தது, மருத்துவத்துக்கு எல்லாக் கட்சிகளின் வாக்கும் மருத்துவமனை வாசலில் நிற்கும் ஒவ்வொரு வாக்காளரின் அக்கறையும் இருந்தன. உதவித் திட்டத்துக்கு இரண்டும் இல்லை. அறுபதுகளில் பணம் கொழித்தது, யார் ஆண்டாலும் செய்திருப்பார்கள் என்ற வாதத்துக்கும் விடை இங்கேயே கிடைக்கிறது. பணம் பிறப்பை விளக்கும். 1990களில் பணம் வற்றியபோது எது செத்தது, எது பிழைத்தது என்பதை அது விளக்காது.

தமிழ் வாசகருக்கு நெருக்கமானது 1967 அக்டோபரில் வந்த குடியேற்ற மதிப்பெண் முறை. 1951 ஒப்பந்தப்படி இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 150 பேர், பாகிஸ்தானிலிருந்து 100, இலங்கையிலிருந்து 50 என்றுதான் கனடா அளந்து எடுத்தது. புது முறையில் கல்விக்கு 20 வரை, வயதுக்கு 10, மொழிக்கு 10 என்று நூற்றுக்குக் கணக்கிட்டு 50 எடுத்தால் போதும், எந்த நாட்டவர் என்ற கேள்வி இல்லை. 1983க்குப் பின் டொரன்டோவை நிறைத்த ஈழத்தமிழர்களில் பெரும்பாலோர் அகதிகளாகப் போனவர்கள், இந்த வாசலால் அல்ல. அவர்களுக்கு முன்பே போயிருந்த தொழில்முறைப் படிப்பாளிகள் நுழைந்த வாசல் இது. இது சட்டம்கூட அல்ல, அமைச்சரவை பிறப்பித்த விதிமுறை. ஆனாலும் நின்றது. இன அடிப்படையை 1962இலேயே பெருமளவு நீக்கியவர் டீஃபன்பேக்கரின் அமைச்சர் எலன் ஃபேர்க்ளோ என்பதால், கன்சர்வேடிவ்கள் இதை எதிர்க்கத் தங்கள் வேலையையே எதிர்க்க வேண்டியிருந்திருக்கும்.

எல்லோரையும் கலந்து செய்தார்கள் என்னும்போது யார் அந்த எல்லோர் என்ற கேள்வி எழாமல் போகாது. பழங்குடியினர் எந்த மேசையிலும் இல்லை. அவர்களின் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து வைத்த விடுதிப் பள்ளிகள் பியர்சன் காலம் முழுக்க இயங்கின. குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து எடுத்து வெள்ளையர் வீடுகளுக்குத் தத்துக் கொடுத்ததும் அதே அறுபதுகளில்தான். அவர்கள் நிலையை ஆராயும்படி பியர்சன் அரசு மானுடவியலாளர் ஹாரி ஹாத்தார்னிடம் கேட்டது. 1966இலும் 67இலும் வந்த அவரது அறிக்கை, பழங்குடியினர் மற்றவரைப் போன்ற குடிமக்கள் மட்டுமல்ல, அதற்கும் மேல் சில உரிமைகள் உடையவர்கள் என்றது. அதன்பின் பிரதமர் மாறினார். 1968 ஜூனில் பியர் ட்ரூடோ லிபரல்களுக்கு முழுப் பெரும்பான்மை வாங்கித் தந்தார். பழங்குடியினரின் தனித் தகுதியையே எடுத்துவிடும் வெள்ளை அறிக்கையை அவர் அரசு 1969இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஆல்பர்ட்டாவின் பழங்குடித் தலைவர்கள் அதற்கு மறுப்பு எழுதினார்கள். தலைப்பை ஹாத்தார்ன் அறிக்கையிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். முழுப் பெரும்பான்மை அரசு தன் வெள்ளை அறிக்கையைத் திரும்பப் பெற்றது.